ஹட்டனில் பில்ட் செய்தாலும் பதுளையில் பில்ட் செய்தாலும் ஒரே ஹாஷ் வர

எஸ்டேட் பிள்ளைகளுக்காக ஒரு சின்னத் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் பொதி செய்து கொடுக்கிறோம். லயத்துப் பக்கம் மேட்டில் ஏறினால்தான் சிக்னல், அதனால் அது பென்டிரைவில்தான் கைமாறிப் போகும், அந்தப் பென்டிரைவ் வழியில் எத்தனை கணினியில் ஏறி இறங்குமோ தெரியாது. ஆகவே ஹட்டனில் நானும் பதுளையில் நண்பரும் ஒரே நிரலைத் தனித்தனியாக பில்ட் செய்து (அதாவது ஓடக்கூடிய பொதியாக மாற்றி), ஷா 256 ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி ஒரு குறியீடு) இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே வெளியே விடுகிறோம். முதல் தடவை ஒத்துப்போகவே இல்லை, நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்றாலும்.

பெரும்பாலும் குற்றவாளி நேரம்தான். பில்ட் செய்த கணம் பொதிக்குள் பதிந்துவிடும். இதற்கு 'சோர்ஸ் டேட் இபோக்' என்ற சூழல் மாறி இருக்கிறது (மூன்று சொல்லும் பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோடு). கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கடைசி கமிட், அதாவது கடைசி மாற்றப் பதிவு, நடந்த நேரத்தை, 1970 முதல் எண்ணிய விநாடிகளாக அதில் வையுங்கள். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரான ஜீசிசியே 7ஆம் பதிப்பு முதல் இதை மதிக்கிறது.

அப்புறம் நேர வலயம். எங்களை இரண்டு நாள் அலைய வைத்தது இதுதான். ஜிப் கோப்பு உள்ளூர் நேரத்தைப் பதியும். நான் கணினியில் கொழும்பு என்று வைத்திருந்தேன், நண்பர் கொல்கத்தா என்று வைத்திருந்தார், இரண்டும் ஐந்தரை மணிதானே என்று விட்டுவிட்டோம். ஆனால் இலங்கை 1996 மே மாதம் ஆறரைக்குப் போய், அதே ஒக்டோபரில் ஆறுக்கு வந்து, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. பொதிக்குள் 2003ஆம் ஆண்டு தேதியிட்ட எழுத்துரு ஒன்று இருந்தது, அதில் சரியாக அரை மணி வித்தியாசம்! பில்ட் செய்யும்போது வலயத்தை யுடிசி என்றே வையுங்கள், லொக்கேலை (மொழி, வட்டார அமைப்பை) 'சி' என்று வையுங்கள், இல்லாவிட்டால் பெயர்களை அடுக்கும் வரிசையும் மாறும்.

பல கோப்புகளை ஒன்றாக்கும் டாரில் கட்டும்போது பெயர்வாரியாக அடுக்கச் சொல்லி, உரிமையாளர் எண்ணையும் குழு எண்ணையும் பூஜ்யமாக்குங்கள். அதைச் சுருக்கும் ஜீசிப்பில் 'என்' ஆப்ஷன் போட்டால் கோப்புப் பெயரும் நேரமும் உள்ளே போகாது. உங்கள் ஃபோல்டர் பாதையும் பைனரிக்குள் (பில்ட் செய்து வந்த கோப்புக்குள்) ஒளிந்திருக்கும். ஜீசிசி 8இலிருந்து உள்ள 'ஃபைல் ப்ரிஃபிக்ஸ் மேப்' அதை மாற்றிவிடும், கோ மொழிக்கு 'ட்ரிம்பாத்'.

கம்பைலர் பதிப்பு வேறாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஒவ்வொரு பில்டுக்கும் எந்தெந்தப் பதிப்புகள் பயன்பட்டன என்று 'பில்ட்இன்ஃபோ' கோப்பில் எழுதி வைக்கிறது. நீங்களும் ஒரு பட்டியல் எழுதிப் பொதியோடு சேர்த்து வையுங்கள்.

இன்னும் ஹாஷ் ஒத்துவரவில்லையா? ஊகிக்காதீர்கள், 'டிஃபோஸ்கோப்' கருவியிடம் இரண்டு பொதிகளையும் கொடுங்கள், உள்ளே இறங்கி எந்த இடம் வேறு என்று காட்டிவிடும். ஒரே கணினி வைத்திருப்பவர்கள் 'ரெப்ரோடெஸ்ட்' ஓட்டலாம், அது நேரம், வலயம், பாதை எல்லாவற்றையும் வேண்டுமென்றே மாற்றி இரண்டு தரம் பில்ட் செய்து ஒப்பிடும்.

ஒன்று மட்டும் கட்டாயம்: கிட்டிலிருந்து நேரடியாக எடுத்த நிரலையே பில்ட் செய்யுங்கள். 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் பொதியில் புகுத்தப்பட்ட பின்கதவை (ரகசிய நுழைவழியை)த் தூண்டும் வரிகள் வெளியீட்டு டார் கோப்பில் இருந்தன, கிட்டில் இல்லை. அந்த டாரையே இரண்டு பேரும் பில்ட் செய்திருந்தால் ஹாஷ் ஒன்றாகத்தான் வந்திருக்கும்.

ஹாஷை நாங்கள் பென்டிரைவில் வைப்பதில்லை. 64 எழுத்தையும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புகிறோம், டாட்டா இல்லாத போனுக்கும் அது போய்ச் சேரும்.