மழைநீர் வடிகாலுக்கு உச்ச ஓட்டம் கணக்கிடும் முறை

நாள் முழுவதும் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்பதை வைத்து வடிகாலின் அளவை முடிவு செய்ய முடியாது. தெருவில் தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் பத்து இருபது நிமிடம் கொட்டித் தீர்க்கும் மழையால்தான். எனவே முதலில் தேட வேண்டியது அந்தக் குறுகிய நேரத்து மழைச் செறிவு, அதாவது மழை பெய்யும் வேகம்.

ஏறக்குறைய 80 ஹெக்டேர் வரையிலான நகர்ப்பகுதிக்கு ரேஷனல் முறை போதும்:

ஓட்டம் = குணகம் × செறிவு × பரப்பு ÷ 360

ஓட்டம் வினாடிக்குக் கனமீட்டரில், செறிவு மணிக்கு மி.மீ. கணக்கில், பரப்பு ஹெக்டேரில்.

பரப்பை வார்டு எல்லையை வைத்து அளக்காதீர்கள். சம உயர்க்கோட்டு வரைபடத்தில் நீர்ப்பிரி கோட்டை (மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பிரிக்கும் மேட்டுக் கோடு) வரைந்துவிட்டு, மழை பெய்யும்போது நேரில் போய்ப் பாருங்கள். உயர்த்திப் போட்ட ஒரு சாலையோ சுற்றுச்சுவரோ நீரின் திசையையே மாற்றியிருக்கும். வரைபடத்தில் அது தெரியாது.

அடுத்து வழிந்தோட்டக் குணகம், அதாவது பெய்யும் மழையில் நிலத்தில் இறங்காமல் வழிந்தோடும் பங்கு. கூரைக்கு 0.75 முதல் 0.95, தார்ச்சாலைக்கு 0.70 முதல் 0.95, பூங்காவுக்கு 0.10 முதல் 0.25 என்பது வழக்கமான வரம்பு. 12 ஹெக்டேர் பகுதி ஒன்றில் கூரை 4 (0.90), சாலை 3 (0.85), திறந்த நிலம் 5 (0.20) என்று கொள்வோம். குணகத்தையும் பரப்பையும் பெருக்கிக் கூட்டினால் 3.60 + 2.55 + 1.00 = 7.15, சராசரிக் குணகம் சுமார் 0.60. இன்றைய காலி மனைகள் நாளை கட்டடமாகும். ஆகவே வடிகால் உழைக்கப்போகும் காலம் முழுவதற்குமான நிலப் பயன்பாட்டை வைத்தே குணகத்தை எடுங்கள். சராசரியாக 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழையைவிட அரிதான மழைக்கு வடிவமைத்தால் குணகத்தையும் உயர்த்த வேண்டும்: 25 ஆண்டுக்கு 1.1, 50 ஆண்டுக்கு 1.2, 100 ஆண்டுக்கு 1.25 மடங்கு. ஆனால் 1.0-ஐத் தாண்டக் கூடாது.

இனி நீர் திரளும் நேரம். பெரும்பாலான கணக்குகள் சறுக்குவது இங்கேதான். பகுதியின் கடைக்கோடியில் விழுந்த துளி வடிகாலின் முனைக்கு வந்து சேர ஆகும் நேரம் இது. நிலத்தின் மேல் ஓடி வடிகாலுக்குள் விழ 10 நிமிடம். பிறகு 720 மீட்டர் வடிகாலில் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் 8 நிமிடம், மொத்தம் 18. இந்த நேரத்தை நீளத்திலிருந்தும் சரிவிலிருந்தும் கணிக்கும் கிர்பிச் வாய்ப்பாட்டைப் பயன்படுத்துவோர் கவனிக்க: அது சிறிய விவசாய நிலங்களின் அளவீடுகளிலிருந்து பிறந்தது. கான்கிரீட் பரப்புக்கு அதை அப்படியே போட்டால் நேரம் நீண்டுவிடும், செறிவு குறைந்துவிடும், குழாய் சிறுத்துவிடும்.

இந்த 18 நிமிடத்துக்கான செறிவை அந்த வட்டாரத்தின் ஐ.டி.எஃப். வளைகோட்டிலிருந்து (மழையின் செறிவு, நீடிக்கும் நேரம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்ற மூன்றையும் இணைக்கும் வரைபடம்) எடுங்கள். மணிக்கு 100 மி.மீ. என்றால் ஓட்டம் 7.15 × 100 ÷ 360 = 1.99 கனமீட்டர். வளைகோடு இல்லையென்று ஒரு மணி நேரச் சராசரியான 60 மி.மீ.யைப் போட்டால் விடை 1.19தான். தேவையில் நாற்பது சதவீதம் காணாமல் போய்விடும்.

இத்துடன் நிறுத்திவிடாதீர்கள். கூரையும் சாலையும் மட்டும் வடிகாலின் கீழ்ப்பகுதியில் சேர்ந்திருந்து, அவற்றின் நீர் 10 நிமிடத்தில் முனைக்கு வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடச் செறிவு 125 மி.மீ. என்றால், 3.60 + 2.55 = 6.15 என்பதால், 6.15 × 125 ÷ 360 = 2.14. முழுப் பகுதியைவிட ஒரு பகுதியின் ஓட்டம் அதிகம்! மேலே தோட்டமும் கீழே நெருக்கமான கட்டடமும் உள்ள எந்த இடத்திலும் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். பெரிய விடையையே எடுங்கள்.

இனி குழாய். 250-க்கு 1 வாட்டத்தில் 1.2 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குழாய், மேனிங் எண் (உட்பரப்பின் சொரசொரப்பைக் குறிப்பது) 0.013 என்றால், நிரம்பி ஓடும்போது சுமார் 2.47 கனமீட்டரைக் கடத்தும். உட்பரப்பு சொரசொரப்பாகி அந்த எண் 0.015 ஆனால் 2.14தான், கையிருப்பு தீர்ந்தது. அதற்குமேல் வண்டலும் படிந்தால் நீர் சாலைக்கு வரும். குழாயில் கிடைக்கும் வேகம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதையும் பாருங்கள். நாம் முதலில் வைத்தது 1.5. பெரிய குழாய் வரும் நீளத்துக்குப் புதிய வேகத்தைப் போட்டு, நேரம், செறிவு, ஓட்டம் மூன்றையும் மறுபடி கணக்கிடுங்கள். வடிகால் விழும் ஆறோ ஏரியோ நிரம்பி நின்றால் இந்தக் கொள்ளளவு எதுவும் கிடைக்காது. அந்த நீர்மட்டத்தை வைத்துத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

ரேஷனல் முறை உச்சத்தை மட்டுமே சொல்லும்; நீர் தேக்கும் குளத்துக்கு வேண்டியது கன அளவு. அதற்குக் கர்வ் நம்பர் முறை உதவும்: மண்ணும் நிலப் பயன்பாடும் எவ்வளவு நீரை வழிந்தோட விடும் என்பதை 100 வரையிலான ஓர் எண்ணால் அது குறிக்கும். 100 மி.மீ. மழையில் எண் 80 என்றால் சுமார் 50 மி.மீ. வழிந்தோடும், எண் 90 என்றால் 72.6 மி.மீ. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. என்பது 10 கனமீட்டர். ஆக, அதே 12 ஹெக்டேரில் 6,000 கனமீட்டர் சுமார் 8,700 ஆகிறது. குளத்தின் அளவை இறுதி செய்ய இதுவும் போதாது: உள்ளே வரும் நீரையும் வெளியேறும் நீரையும் ஐந்து நிமிட இடைவெளியில் அட்டவணை போட்டு, மட்டம் எங்கே உச்சம் தொடுகிறது என்று பார்க்க வேண்டும்.