ஐப்பசி அடைமழைக்கு முன் கூரைத் தண்ணீருக்கு வழி செய்வது

இராமநாதபுரம் கடற்கரையில் புரட்டாசி பிறந்தால் வீட்டைச் சுற்றி வேலை குவிந்து கிடக்கும். அதில் முதலில் முடிக்க வேண்டியது கூரைத் தண்ணீருக்கு வழி செய்வதுதான். கிணறு சவராகிப்போய், குடிக்கக் குடத்துக்குக் காசு கொடுக்கிற ஊர்கள் இங்கே நிறைய. அதே ஊர்களில் வடகிழக்குப் பருவத்தில் மட்டும் சுமார் 500 மி.மீ. மழை கூரையில் விழுந்து மணலுக்குள் போய்விடுகிறது.

தொட்டி வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். 20க்கு 20 அடி ஓட்டு வீட்டுக் கூரை சுமார் 37 சதுர மீட்டர். சிதறல், கசிவு போக 80 சதவீதம் என்றாலும் பருவத்துக்கு 15,000 லிட்டர் இறங்கும். நான்கு பேருக்குக் குடிக்கவும் உலை வைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால், தை முதல் புரட்டாசி முடிய ஒன்பது மாதத்துக்கு 5,400 லிட்டர் வேண்டும். ஆகவே 5,000 முதல் 6,000 லிட்டர் தொட்டி. 1,000 லிட்டர் தொட்டி 50 நாளில் காலி.

ஓடு, தகரம், மாடி மூன்றும் சரி. பனையோலைக் கூரைத் தண்ணீர் பழுப்பாக இறங்கும். அதை ஆடு மாட்டுக்கு விடுங்கள்.

கூரை ஓரத்தில் தண்ணீரைப் பிடிக்கும் வாய்க்காலுக்கு 160 மி.மீ. பிவிசி குழாய் 20 அடி நீளம் ஒன்று போதும். நூல் அடித்துக் கோடு போட்டு நெடுக இரண்டாக அறுத்தால் இரண்டு பக்கச் சாய்ப்புக்கும் ஆகிவிடும். தகர வாய்க்கால் வேண்டாம், உப்புக் காற்றில் துரு ஏறி ஓட்டையாகிவிடும். தாங்கியும் ஸ்குரூவும் ஸ்டெயின்லெஸாக இருக்கட்டும். இரண்டடிக்கு ஒரு தாங்கி கட்டாயம். இல்லாவிட்டால் வெயிலில் குழாய் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கிக் கொசு பிடிக்கும். 20 அடிக்கு 6 செ.மீ. வாட்டம் (சரிவு) விடுங்கள். ஓட்டு நுனிக்குக் கீழே ரொம்ப இறக்கிக் கட்டினால் வாடைக்காற்று தண்ணீரை வாய்க்காலுக்கு வெளியே அடித்துவிடும். ஓட்டு நுனி வாய்க்காலுக்குள் மூன்றில் ஒரு பங்கு நீட்டியிருக்க வேண்டும்.

கவனம் வேண்டிய இடம் முதல் தண்ணீர். ஆடிக் காற்று ஓய்ந்தபின் கூரை ஓட்டின் மேல் விரலால் தடவிப் பாருங்கள்: மணல், காக்கை எச்சம், நாக்கில் வைத்தால் கரிக்கிற வெள்ளைப் பொடி. இதெல்லாம் தொட்டிக்குப் போகக் கூடாது. இறங்கு குழாயில் ஒரு டீ (மூன்று வாயுள்ள குழாய் இணைப்பு) வைத்து, கீழ்நோக்கி 110 மி.மீ. குழாய் 10 அடி நிறுத்துங்கள். அதில் சுமார் 25 லிட்டர் பிடிக்கும். அது நிரம்பிய பிறகுதான் தண்ணீர் டீயின் பக்கவாய் வழியே தொட்டிக்குத் திரும்பும். அடியில் மரை வைத்த மூடி போட்டு, அதில் 3 மி.மீ. துளை இடுங்கள், அடுத்த மழைக்குள் தானே வடிந்துவிடும். துளையில் மணல் அடைத்தால் குழாய் நிறைந்தே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குப் போகும். ஆகவே மழை விட்டதும் மூடியைக் கழற்றிக் கழுவுவது நல்லது. பருவத்தின் முதல் இரண்டு மழைக்கு மூடியே போடாதீர்கள். பிறகு வாய்க்கால் தண்ணீரைக் கையில் ஏந்திச் சுவைத்து, கரிப்பு போயிருந்தால் மூடுங்கள்.

தொட்டி வாயில் மணல், கரி, ஜல்லி அடுக்கி வடிகட்டி கட்டச் சொல்வார்கள். ஐப்பசி மழைக்கு அது சரிவராது. மணிக்கு 30 மி.மீ. பெய்தால் இந்தக் கூரையிலிருந்து நிமிஷத்துக்கு 15 லிட்டர் வரும். சின்ன டிரம் மணல் அந்த வேகத்தை வடிக்காது, வழிந்து வீணாகும். தொட்டி வாயிலும் உபரிக் குழாயிலும் நைலான் கொசுவலை கட்டுங்கள். மணல் வடிகட்டியைச் சமையலறைப் பானைக்கு வைத்துக்கொள்ளலாம். கடல் மணலைத் தொடவே வேண்டாம்.

பழைய சிமெண்டுத் தொட்டியில் விரிசல் இருந்தால் கொத்திவிட்டு, 1 பங்கு சிமெண்டு, 2 பங்கு சலித்த ஆற்று மணல் கலந்து பூசி, 7 நாள் நனைத்து வையுங்கள். கலக்கவும் நனைக்கவும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். சவர்த் தண்ணீர் உள்ளே இருக்கிற கம்பியைத் தின்றுவிடும். மண்ணுக்குள் புதைத்த பிளாஸ்டிக் தொட்டியை மழைக்காலத்தில் காலியாக விடக் கூடாது. நிலத்தடி நீர் ஏறினால் தொட்டி மிதந்து குழாயைப் பிய்த்துவிடும். கால் பங்காவது நிறைந்திருக்கட்டும்.

உபரியைக் கிணற்றுக்கு விடுங்கள். மணற்பாங்கில் நல்ல நீர் உப்பு நீரின் மேல்தான் நிற்கிறது. மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறும், இறங்க நாளாகும். கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள்.

குடிக்கும் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, தெளிந்த பிறகு மேல்தண்ணீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். மூடி திறந்து வைத்த பவுடர் இந்த ஈரக் காற்றில் சீக்கிரம் வீரியம் இழக்கும். சின்னப் பொட்டலமாக வாங்குங்கள்.

மற்ற வேலைகள் ஒருநாளில் முடியும். தென்னையில் காய்ந்த மட்டையை இறக்குங்கள், சீமைக்கருவேல விறகைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி அடுக்குங்கள். ஆவணியில் பொறுக்கிய பனங்கொட்டையை மணல் மேட்டில் நெருக்கமாகப் பாத்தி கட்டிப் புதைத்துவிட்டால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம். பாத்தியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும்.