ஒரு ஆழாக்குப் பச்சைப்பயறு போதும்

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறோம் என்றால் உடனே 'சிலபஸ் என்ன?' என்பார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் கடையில் பச்சைப்பயறு வாங்குங்கள். உடைக்காத முழுப்பயறுதான் வேண்டும்.

சாயங்காலம் ஒரு ஆழாக்குப் பயறை அளந்து, கல் பொறுக்கி, எடை பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அத்தையின் பித்தளை அளவைகள் இருக்கின்றன. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. அரிசியைத் தாம்பாளத்தில் கொட்டி மாற்றி மாற்றி அளந்தாலே அரை, கால், அரைக்கால் மூன்றும் கைக்கு வந்துவிடும். பின்னப் பாடத்துக்கு நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி. அளவு ஜாடியில் ஊற்றிச் சரிபார்க்கலாம்.

சோதனைக்கென்று கொஞ்சம் பயறை எடை பார்க்கும் முன்பே தனியே எடுத்து வையுங்கள். எடை பார்த்ததை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் ஊறியதை வடிகட்டி மறுபடி நிறுத்தால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். "பயறு தண்ணி குடிச்சிருச்சும்மா" என்றான் சின்னவன். எவ்வளவு குடித்தது என்று கழித்துப் பார்ப்பது பெரியவள் வேலை.

வடித்த பயறை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். சோதனைக்கு நாலு டம்ளர். ஒன்றில் ஈரப்பஞ்சு மேல் ஊறிய பயறு, ஒன்றில் காய்ந்த பஞ்சு மேல் ஊறாத பயறு, ஒன்றில் தண்ணீரில் முழுக மூழ்கியது, ஒன்றில் வேகவைத்து ஈரப்பஞ்சில் போட்டது. எது முளைக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். பார்த்த பிறகு கேட்டால் எல்லோரும் சரியாகத்தான் சொல்வார்கள்! மூழ்கியது லேசாக முளை காட்டினாலும் காற்று போதாமல் நின்றுபோய் நாற்றமெடுக்கும். அது செடிக்கு உரம், வாய்க்கு அல்ல.

எனக்குப் பிடித்தது இனிமேல்தான். முளைத்த பயறு ஒன்றை, வேர் மேலே பார்க்கும்படி கண்ணாடி டம்ளருக்கும் ஈரப்பஞ்சுக்கும் நடுவில் செருகுங்கள். மறுநாள் பார்த்தால் வேர்நுனி கொக்கி போல வளைந்து கீழே திரும்பியிருக்கும். டம்ளரைப் படுக்கப் போட்டால் திரும்பவும் திசை மாற்றும். "அதுக்குக் கண்ணா இருக்கு?" என்று கேட்டால் அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். டம்ளரை இருட்டு அலமாரியில் வைத்துப் பார்க்கட்டும்.

துணியில் முளைத்தது சுண்டலுக்கு. சின்னப் பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். இட்லித் தட்டில் ஏழெட்டு நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, பயறும் உப்பும் போட்டுப் புரட்டி, தேங்காய்ப்பூவும் பொடியாக நறுக்கிய மாங்காயும் சேர்த்து இறக்குங்கள். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான். தாளிப்பது நம் பொறுப்பு. எலுமிச்சை பிழிவதும் கறிவேப்பிலை உருவுவதும் அவர்கள் பொறுப்பு.

காரம் ஆகாத பிள்ளைக்குத் தாளிக்கும் முன்பே ஒரு கிண்ணம் எடுத்து, துருவிய வெல்லம், தேங்காய், ஏலக்காய்த்தூள் கலந்து கொடுங்கள். மிச்ச முளைப்பயறை ஈரம் போக உலர்த்தி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் அடைமாவில் அரைத்துச் சேர்க்கலாம்.