இரும்புச்சத்து மாத்திரையில் நான் செய்த தப்பு

எச்ஐவிக்கு டோலுடெகிராவிர் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். போன வருடம் மாதவிலக்கு 9 நாள் வரை நீண்டது. கட்டி கட்டியாகப் போகும். 2 மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். எல்லாம் எச்ஐவியால்தான் என்று நானே முடிவுகட்டி 4 மாதம் வாய் திறக்கவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கிய பிறகுதான் போனேன். ஹீமோகுளோபின் 8. ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டி; அதற்கும் எச்ஐவிக்கும் சம்பந்தமில்லையாம்!

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதையும் எச்ஐவி மாத்திரையையும் வெறும் வயிற்றில் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தேன். நர்ஸ் அக்கா கேட்டுப் பதறிவிட்டார். இரும்பு டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொள்ளுமாம், மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரும்புக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ எச்ஐவி மாத்திரையைச் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் சாப்பாட்டோடு. சரி என்று இரும்பைக் காலைக்கும் மற்றதை இரவு 9 மணிக்கும் மாற்றிக்கொண்டேன்.