செவ்வாயின் காற்றில் மீத்தேனைத் தேடும் முறை

பில்லியனில் ஓரிரு பங்கே இருக்கக்கூடிய ஒரு வளிமம் தன்னைக் காட்டிக்கொடுப்பது, நிறமாலையில், அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவில், அது ஒளியை உறிஞ்சிய இடங்களில் விழும் மெல்லிய உறிஞ்சு கோடுகளால் மட்டுமே. எனவே எந்தக் கோடுகளைத் தேடுகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். மீத்தேனுக்கு 3.3 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புப் பட்டை ஏற்றது.

புவியிலிருந்து நோக்குவோருக்குத் தடை தலைக்கு மேலேயே இருக்கிறது. நம் காற்றில் மீத்தேன் பில்லியனில் சுமார் 1,900 பங்கு உள்ளதால், செவ்வாயின் கோடு அதன் நிழலில் மறைந்துவிடும். செவ்வாய் நம்மை விரைந்து நெருங்கும் அல்லது விலகும் நாட்களைத் தேர்ந்தெடுத்தால், டாப்ளர் விளைவு (இயக்கத்தால் ஒளியின் அலைநீளம் மாறுவது) அக்கோட்டைச் சற்றே நகர்த்தித் தரும். வினாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் அந்த நகர்வு 0.19 நானோமீட்டர்தான். அதிலும் ஒரு பொறி உண்டு: கோள் நெருங்கும்போது நீலப்பக்கம், அதாவது குறுகிய அலைநீளத்தை நோக்கி, நகரும் சில கோடுகள், நம் காற்றிலுள்ள கார்பன்-13 மீத்தேனின் (சற்றுக் கனமான கார்பன் அணு கொண்ட மீத்தேனின்) கோடுகள் மேலேயே போய் விழுகின்றன. விலகும் காலத்திலும் ஒருமுறை நோக்கி, இரண்டையும் ஒப்பிடாமல் எதையும் நம்பக்கூடாது.

சுற்றுக்கலம் கைவசம் இருந்தால் இத்தொல்லை இல்லை. கோளின் விளிம்பில் சூரியன் மறையும்போது, காற்றை நெடுந்தொலைவு ஊடுருவிவரும் ஒளியின் நிறமாலையைப் பதிவுசெய்து, அதை வளிமண்டலத்துக்கு மேலே எடுத்த சூரிய நிறமாலையால் வகுக்க வேண்டும். சூரியனின் கோடுகளும் கருவியின் குறைகளும் பெரும்பாலும் நீங்கிவிடும். ஐரோப்பாவும் ரஷ்யாவும் அனுப்பிய சுற்றுக்கலம் ஒன்று 2018 முதல் இப்படித்தான் தேடிவருகிறது. தூசி மிகுந்த நாட்களில் தாழ்ந்த உயரங்கள் தெரியாது, அவற்றை ஒதுக்கிவிடலாம்.

அடுத்து அண்டைக் கோடுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதே 3.3 மைக்ரோமீட்டர் பகுதியில், அதுவரை எவரும் கண்டிராத கார்பன் டைஆக்சைடு கோடுகளும், செவ்வாயில் அங்கே முன்பு பார்த்திராத ஓசோன் கோடுகளும் இருப்பதை அக்கலத்தின் கருவியே 2020-இல் காட்டியது. பட்டியலில் இல்லாத கோட்டை மீத்தேன் என்று எண்ணிவிடுவது எளிது. ஆகவே ஒற்றைக் கோட்டை வைத்து முடிவுகட்டாமல், ஒரே அளவு மீத்தேன் பல கோடுகளின் ஆழத்தையும் ஒருசேர விளக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

நிறமாலையின் அடித்தளத்தை (கோடுகள் இல்லாத இடங்களின் மட்டத்தை) சமன்செய்ய, பல வளைவுகள் எடுக்கக்கூடிய உயர்படிப் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்துவது, என் பார்வையில், எல்லாவற்றிலும் ஆபத்தானது. இரைச்சலின் நெளிவே அதில் கோடாக உருவெடுக்கும். வெள்ளிக் கோளின் காற்றில் பாஸ்பீன் என்ற வளிமம் இருப்பதாக 2020-இல் வந்த அறிவிப்பு குறித்து, 12-ஆம் படிக் கோவையைச் சுட்டித்தான் வாதம் எழுந்தது.

கோடு தென்படாவிட்டால் 'இல்லை' என்று எழுதாமல், எந்த உயரத்தில், எந்தப் பருவத்தில், எத்தனை பங்குக்கு மேல் இருக்க முடியாது என்று எழுத வேண்டும். மேலே சொன்ன சுற்றுக்கலத்தின் பதிவுகளிலிருந்து 2019-இல் வெளியான மீத்தேன் உச்சவரம்பு, சில கிலோமீட்டர் உயரத்துக்கு மேல், பில்லியனில் 0.05 பங்கு, செவ்வாயின் தரையில் உள்ள கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி ஊர்தி அளந்த பின்னணி அளவோ சுமார் 0.4.