வேலை மாறும்போது பென்ஷன் பணத்தில் கை வைக்காதீர்கள்: இபிஎஸ் கைக்கு வர என்ன செய்ய வேண்டும்

என் அத்தை இரண்டு நூற்பாலைகளில் மொத்தம் 14 வருடம் வேலை பார்த்தார். முதல் மில்லில் ஆறு வருடம் முடித்து வெளியே வந்தபோது, பிஎஃப் பணத்தை எடுக்கும் படிவம் 19, பென்ஷன் பணத்தை எடுக்கும் படிவம் 10சி இரண்டையும் சேர்த்து நீட்டி "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து" என்று வாங்கிக்கொண்டார்கள். இருபதாயிரத்துச் சொச்சம் வந்தது, மகள் சீருக்குப் போய்விட்டது. அடுத்த மில்லில் எட்டு வருடம். 58 வயதில் பென்ஷன் கேட்டால், குறைந்தது பத்து வருடம் வேண்டும், ஆகவில்லை, கிடையாது என்று பதில். 10சி-யில் பணம் வாங்கியதோடு முதல் ஆறு வருடம் கணக்கிலிருந்து போய்விட்டது. அந்த 10சி-யில் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் இன்றைக்குச் சாகும்வரை மாதாமாதம் பணம் வந்துகொண்டிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எது என்ன என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் முழுவதும் பிஎஃப் கணக்குக்குப் போகிறது. முதலாளி போடும் 12 சதவீதத்தில், சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷனுக்கு, அதாவது 1995 நவம்பரில் தொடங்கிய இபிஎஸ் என்ற தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, மீதிதான் பிஎஃப். சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் பென்ஷனுக்குப் பொதுவாக 15,000 ரூபாய் வரைக்கும்தான் கணக்கு, ஆகவே மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் 19-ஐ மட்டும் கொடுங்கள். 10சி-யில் பணம் என்று கேட்காமல் ஸ்கீம் சர்ட்டிஃபிகேட், அதாவது வேலை பார்த்த காலத்தைக் கணக்கில் காத்து வைக்கும் சான்று, என்று கேளுங்கள். வேறு வேலை கிடைத்துவிட்டால் அதுகூட வேண்டாம், பழைய கணக்கைப் புதியதோடு டிரான்ஸ்ஃபர் செய்தால் போதும். 9 வருடம் 6 மாதம் தாண்டினாலே பத்தாக எடுத்துக்கொள்வார்கள், அந்தக் கோட்டை எட்டுவதுதான் முக்கியம்.

டிரான்ஸ்ஃபர் செய்தபின் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்தால் பென்ஷன் பத்தியில் பழைய தொகைக்குப் பதில் பூஜ்யம் இருக்கும். பலர் இதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். பணம் எங்கும் போகவில்லை. பென்ஷனில் மாறுவது பணம் இல்லை, நீங்கள் வேலை பார்த்த காலம். அந்தக் காலம் சரியாக ஏறியிருக்கிறதா என்று சர்வீஸ் ஹிஸ்டரியில் பாருங்கள்.

அடுத்து பெயர். நம் ஊரில் இதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். ஆதாரில் 'செல்வி முருகன்', பிஎஃபில் 'எம்.செல்வி', பேங்கில் 'செல்வி எம்'. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பிறந்த தேதியும் அப்படித்தான். வேலையில் இருக்கும்போதே முதலாளி மூலம் திருத்திவிடுங்கள், கம்பெனியை மூடிவிட்டுப் போனபின் கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு. வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து நீங்களே பிஎஃப் இணையதளத்தில் ஏற்றலாம். அப்புறம் இ-நாமினேஷன், அதாவது உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்று ஆன்லைனில் பதிவது, அதையும் கையோடு முடித்துவிடுங்கள்.

சரி, எவ்வளவு வரும்? கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஆனால் 2014 செப்டம்பருக்கு முன்னால் அந்த 15,000 என்ற உச்சவரம்பு 6,500-ஆகத்தான் இருந்தது, அந்த வருடங்களுக்கு அதுதான் கணக்கு. 2008-இல் சேர்ந்து 2026-இல் 58 முடிக்கிறவர், 15,000-க்கு மேல் சம்பளம் என்றே வைத்துக்கொள்வோம்: முதல் ஆறு வருடத்துக்கு 557, அடுத்த பன்னிரண்டு வருடத்துக்கு 2,571, ஆகமொத்தம் மாதம் 3,128 ரூபாய். இருபது வருடம் முடித்தவர்களுக்கு மட்டும் இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்த்துக் கொடுப்பார்கள்.

பதினெட்டு வருட உழைப்புக்கு இவ்வளவுதானா என்று கோபம் வரும், எனக்கும் வருகிறது. விலைவாசி ஏறினால் இந்தத் தொகை ஏறாது. குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 என்று 2014-இல் வைத்தார்கள், பத்து வருடம் தாண்டியும் அது நகரவில்லை, 7,500 கேட்டு முதியவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். இதை உயர்த்துவது ஏன் இவ்வளவு இழுக்கிறது என்றால், இந்தத் திட்டத்தில் உங்களுக்கென்று தனி உண்டியல் கிடையாது, எல்லோருடைய 8.33-ம் அரசு தரும் 1.16 சதவீதமும் ஒரே பானையில் விழுகிறது, அதிலிருந்துதான் எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்க வேண்டும். உச்சவரம்பை உயர்த்தினாலும், 2014-இல் செய்ததுபோல் அன்றிலிருந்து மட்டும் என்று பிரித்தால், ஓய்வை நெருங்கியவர்களுக்கு ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. இன்றைய முதியவருக்குக் கூட்டிக் கொடுக்க இன்றைய தொழிலாளியிடம் கூடுதலாகப் பிடிப்பதா, அரசு கஜானாவிலிருந்து எடுப்பதா? என்னைக் கேட்டால் அரசுதான் போட வேண்டும், தங்கள் பெயரில் முதலாளி போட்ட பணத்தில் ஒரு பங்கை வருடக்கணக்கில் விட்டுவைத்தவர்கள் இவர்கள்.

50 வயதிலிருந்தே பென்ஷன் வாங்கலாம் என்பார்கள். 58-க்கு முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும், கடைசிவரை அந்தக் குறைந்த தொகைதான். மாறாக 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும். வேறு வருமானம் இருந்தால் பொறுத்திருங்கள்.

வயது வந்ததும் பென்ஷன் கேட்டுக் கொடுக்க வேண்டியது படிவம் 10டி. 2025 ஜனவரியிலிருந்து எந்த பேங்க், எந்தக் கிளை என்றாலும் பணம் வரும். வருடத்துக்கு ஒரு முறை ஜீவன் பிரமாண் உயிர்வாழ் சான்று தர வேண்டும், போனில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம், முடியாதவர்கள் தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார். போன முறை கொடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், ஒரு வருடம் தாண்டினால் பென்ஷன் நின்றுவிடும்.