பழைய மோட்டார் சைக்கிளைச் சேகரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழையது என்ற ஒரே காரணத்தால் எந்த மோட்டார் சைக்கிளும் அரிய பொருளாகிவிடுவதில்லை. அந்த வகையில் எத்தனை வண்டிகள் உருவாக்கப்பட்டன, அவற்றின் அசல் பாகங்கள் எவ்வளவு எஞ்சியுள்ளன, அதற்கு எழுத்துச் சான்று உண்டா என்பவையே மதிப்பைத் தீர்மானிக்கின்றன. பிரித்தானியாவின் வின்சென்ற் பிளாக் லைட்னிங் என்ற பந்தய மோட்டார் சைக்கிள் சுமார் முப்பது மட்டுமே உருவாக்கப்பட்டதால், அவற்றுள் ஒன்று 2018 இல் லாஸ் வேகாஸ் ஏலத்தில் 929,000 டொலருக்கு விலைபோனது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது பிரித்தானிய பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பான்டம் வண்டியைத்தான். ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.ரி. 125 என்ற வண்டியின் வடிவமைப்பை அடியொற்றி 1948 முதல் 1971 வரை பெருந்தொகையில் வெளிவந்த இவ்வண்டிக்கு உதிரிப்பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

முதற்படி, விலை பேசுமுன் பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. புத்தகம் இல்லாத வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விட்டுவிடுங்கள்.

அடுத்து, புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் செசி (வண்டியின் சட்டகம்) இலக்கத்தையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். இந்த வேலைக்கு அவசரம் கூடாது. பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் எஞ்சின் இலக்கம் சிலிண்டருக்குக் கீழே இடப்பக்கத்திலும், செசி இலக்கம் ஹாண்டிலின் கழுத்துப் பகுதியிலும் இருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் கிறீஸையும் மண்ணையும் துடைத்துவிட்டு, ரோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். இலக்கத்தைச் சுற்றியுள்ள உலோகம் அராவப்பட்டு வழவழப்பாக இருந்தால், பழைய இலக்கத்தை அழித்து வேறொன்றைக் குத்தியிருக்கக்கூடும். அதேவேளை, பழைய பி.எஸ்.ஏ. வண்டிகளில் இவ்விரு இலக்கங்களும் தொழிற்சாலையிலேயே வெவ்வேறாக இடப்பட்டவை என்பதால், அவை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று நல்ல வண்டியை ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டும் புத்தகத்தோடு பொருந்தினால் போதும்.

மூன்றாவதாகக் கறளைத் தேடுங்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடி முதல் அக்கரைப்பற்று வரை கடற்காற்றில் நின்ற வண்டிகளுக்கு இதுவே பெரிய எதிரி. பெற்றோல் ராங்கின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். மட்காட்டின் உட்புறத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். மேலே புதுப் பெயின்ற் மின்னினாலும், கழுத்தின் அடிப்புறத்திலோ இருக்கையின் கீழோ முதல் பெயின்ற் சிறிது தப்பியிருக்கும். தொடக்ககால பான்டம் வெளிறிய பச்சை நிறத்தில் வந்தது. அந்தப் பச்சை எங்காவது தெரிந்தால், அதைச் சுரண்டாமல் படமெடுத்து வையுங்கள். நிறம் மங்கிய அசல் வண்டியையே, வேறு வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துப் பளபளக்கச் செய்த ஒட்டு வண்டியைவிட, அனுபவமுள்ள சேகரிப்பாளர் விரும்புவார். அமால் நிறுவனத்தின் காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்), முன்விளக்கு, வேகமானி போன்ற சிறு பாகங்கள் அசலாக இருக்கின்றனவா என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக எஞ்சின். நெடுங்காலம் நின்ற வண்டியை உடனே உதைத்து இயக்கக் கூடாது. எஞ்சினின் ஸ்பார்க் புளக்கைக் கழற்றி, அந்தத் துளையினூடாகச் சிறிது எஞ்சின் ஒயிலை ஊற்றி, ஓரிரவு விட்டு, மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். அது இறுகி நின்றால் மேலும் பலம் கொடுக்காமல், எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.